நில அதிர்வு வந்தால் ஓடுவதா, கட்டிலோடு கிடப்பதா?

அரியாலை மகன்
இரண்டு நாளாக வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "48 மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தில் பெரிய பூமியதிர்ச்சி, எல்லாரும் வெளியில் படுங்கோ" என்று யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறார். நான் இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில். அம்மா அரியாலையில் தனியே. வயது 74, முழங்கால் வருத்தம் வேறு. நேற்றிரவு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். கிடைத்தது நுளம்புக்கடி மட்டும்தான்.

பதிவு பொய் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்மா திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை: "சரி மோனை, இது பொய். உண்மையா வந்தா ஓடுறதோ, கட்டிலுக்குக் கீழ போறதோ?" வீடு பழைய கல்வீடு, ஓட்டுக் கூரை. பின்பக்கம் புதிதாக ஒரு குளியலறை, அதன் அருகே தூண்களில் தண்ணீர்த் தாங்கி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழும்புத்துறைக் காகம்
அண்ணை, எங்கட ஊரில் ஏது பூமியதிர்ச்சி? நுளம்புக்குப் பயப்படுங்கோ, அது போதும்.

பழைய புவியியல் ரீச்சர்
முதலில் அந்தக் குரல் பதிவு. இந்த நாளில், இந்த இடத்தில், இந்த அளவில் நிலநடுக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகத்தில் எவரிடமும் இல்லை. நாளுக்கு நாள் அதிர்ந்து பழகிய ஜப்பானிடமும் இல்லை. மணிக்கணக்குக் குறித்து வருகிற செய்தி எதுவானாலும் அழித்துவிடுங்கள்.

அடுத்தது தம்பி காகத்துக்கு. இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை, நடுப்பகுதியில் இருக்கிறது. ஜப்பான், சுமாத்திரா போன்ற நிலை நமக்கு இல்லை என்பது சரிதான். ஆனால் தட்டின் நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்றும் வராது என்று இல்லை. மகாராட்டிரத்து லாத்தூர்ப் பக்கத்து மக்களும் அப்படித்தான் நம்பிப் படுத்திருந்தார்கள். 1993 செப்டம்பர் 30, விடிய 4 மணிக்குச் சற்று முன். அளவு 6.2 தான், ஜப்பானில் என்றால் ஒரு நாள் செய்தி. அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். மண்சாந்தில் அடுக்கிய தடித்த கல்சுவரும் அதன்மேல் பாரமான கூரையும் நித்திரையில் இருந்தவர்கள் மேல் விழுந்தன.

நம் நாட்டிலும் 2020 ஓகஸ்ட் கடைசியில் கண்டிப் பக்கம் திகனையில் சிறு அதிர்வுகள் தொடங்கிச் சனம் பதறியது நினைவிருக்கும். சேதம் பெரிதில்லை. நம் அதிர்வுகளைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் பதிவு செய்கிறது. பல்லேகலையில் உள்ள அதன் நிலையம் உலகளாவிய நில அதிர்வு வலையமைப்பில் ஒன்று. ஆகவே வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. இவ்வளவு குறைந்த வாய்ப்புக்கு எந்த அளவு ஆயத்தம் போதும் என்பதுதான் கேள்வி. முற்றத்தில் படுப்பது வேண்டாம். அலுமாரியைச் சுவரோடு பூட்டுவது வேண்டும்.

கொழும்புத்துறைக் காகம்
லாத்தூர்க் கதை தெரியாது ரீச்சர். சரி, வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறேன்.

யோகோகாமா தம்பி
காரைநகர்ப் பிள்ளை, ஜப்பானில் 16 வருடம். 2011 மார்ச் 11 பிற்பகல் நான் அலுவலகத்தில் 9ஆம் மாடியில் இருந்தேன். நிமிடக்கணக்கில் ஆடியது. கப்பலில் நிற்பது போல. ஜப்பான்காரர் ஒருவரும் வாசலுக்கு ஓடவில்லை. ஓட வெளிக்கிட்டவன் நான் ஒருவன்தான். பக்கத்து மேசைக்காரர் என் சேட்டைப் பிடித்து இழுத்து மேசைக்குக் கீழே தள்ளினார். இன்றைக்கும் அந்த மனிதருக்கு வருடத்தில் ஒருக்கால் பனங்கட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இங்கே பாலர் வகுப்பிலேயே பழக்குவது இதுதான்: குனி, மூடு, பிடி. முழங்காலில் குனிந்து, உறுதியான மேசைக்குக் கீழே தலையையும் பிடரியையும் மூடி, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். பலத்த ஆட்டத்தில் நடக்க முடியாது என்பது அனுபவிக்காதவர்களுக்கு விளங்காது. ஓடுகிறவர் விழுவார், அல்லது விழுகிற பொருளுக்குக் கீழே சரியாகப் போய் நிற்பார். வாசல் நிலைக்குக் கீழே நில் என்று அம்மம்மாமார் சொல்வதையும் மறந்துவிடுங்கள். இன்றைய வீட்டு வாசல்நிலை மற்ற இடத்தைவிட உறுதி இல்லை, ஆடுகிற கதவு கையை நசுக்கும்.

உங்கள் அம்மாவுக்கு: இரவில் கட்டிலில் இருந்தால் இறங்கவே வேண்டாம். குப்புறத் திரும்பி, தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஆட்டம் நிற்கும்வரை அப்படியே கிடக்கட்டும். முழங்கால் ஏலாதவர் இருட்டில் இறங்கி உடைந்த கண்ணாடியில் கால் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு நிபந்தனை. கட்டிலுக்கு மேலே, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அலுமாரி சரிந்தால் கட்டிலில் விழுமா? தலைமாட்டில் கண்ணாடி போட்ட பெரிய படம் தொங்குகிறதா?

அரியாலை மகன்
தலைமாட்டில் அப்பாவின் படம். தேக்குச் சட்டம், கண்ணாடி. ஐந்து கிலோ வரும். அலுமாரி கட்டிலில் இருந்து ஒரு முழத்தில். இப்போது எனக்குத்தான் நித்திரை வராது.

மேசன் மகன்
யோகோகாமா அண்ணை சொல்வது ஜப்பான் வீட்டுக்குச் சரி. அங்கே வீடு விழாது, உள்ளே உள்ள சாமான் விழும். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீட்டில் வீடே விழலாம். நான் அப்பாவோடு பதினைந்து வயதில் இருந்து சுவர் கட்டுகிறேன், சுவர் உடைத்தும் இருக்கிறேன். வெளியே பார்த்தால் ஒன்றரை அடித் தடிப்பு, கோட்டை மாதிரி. உள்ளே பார்த்தால் இரண்டு பக்கமும் முகக்கல், நடுவில் சல்லியும் சுண்ணாம்புச் சாந்தும். இரண்டு முகத்தையும் பிணைக்கும் குறுக்குக்கல் பல இடத்தில் கிடையாது. கம்பி என்பதே இல்லை. மேலிருந்து அமுக்கினால் நூறு வருடம் நிற்கும். பக்கவாட்டில் ஆட்டினால் இரண்டு முகமும் பிரிந்து சரியும்.

அதோடு யுத்தத்தில் அடிபட்ட வீடுகள். செல் (எறிகணை) விழுந்து வெடித்த சுவரை இடிக்காமல், வெடிப்புக்குள் சீமெந்து அடைத்து, மேலே பூசி, வெள்ளை அடித்து எத்தனை வீட்டில் குடியிருக்கிறோம்? பூச்சுக்குள்ளே வெடிப்பு அப்படியே கிடக்கிறது.

ஆகவே நான் சொல்வது: பழைய கல்வீடு, மாடி இல்லை, நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், ஓடக்கூடிய உடம்பு, வாசலுக்கு வெளியே வெட்டை, அதாவது திறந்த வெளி. இந்த ஐந்தும் இருந்தால் வெளியே ஓடுங்கள். மேசைக்குக் கீழே போகாதீர்கள்.

யோகோகாமா தம்பி
வாசலில் ஓடு வழுகி விழுமே? நான் பார்த்த படங்களில் எல்லாம் ஓட்டுக் குவியல் தாழ்வாரத்துக்கு நேர் கீழேதான் கிடக்கிறது.

மேசன் மகன்
விழும். அதனால்தான் "வெட்டை" என்றேன். வெளியே ஓடி விறாந்தைப் படியில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்க்கிற ஆள் செத்த ஆள். சுவரின் உயரத்துக்குக் குறையாத தூரம் போக வேண்டும். மதிலோடும் நிற்கக்கூடாது, எங்கள் ஊர் மதில்கள் நாலு அங்குலக் கல், ஆறடி உயரம், கம்பி இல்லை, காற்றுக்கே சரிகிற சாதி. மின்கம்பிக்குக் கீழேயும் வேண்டாம்.

பழைய புவியியல் ரீச்சர்
இருவர் சொல்வதிலும் சண்டை இல்லை. மண்வீடு, பிணைப்பில்லாத கல்வீடு என்று பாரமான கூரையோடு இருக்கும் இடங்களில், தரைமாடியில், சில விநாடிக்குள் வெளியே போக முடிந்தால் போகலாம் என்பது நிபுணர்கள் பலர் ஏற்கிற விதிவிலக்குத்தான். மற்ற எல்லோருக்கும் குனி, மூடு, பிடி. மாடிக் கட்டடத்தில் இருந்து ஓடவே கூடாது. பாடசாலையில் 40 பிள்ளைகள் ஒரு வாசலுக்கு ஓடினால் அதிர்வு செய்யாததை நெரிசல் செய்யும். உங்கள் அம்மா ஓடக்கூடியவர் இல்லை. அவருக்குக் கட்டில்தான்.

வல்வெட்டி அப்பு
ஒரு விடயம் பிள்ளைகள். எங்கள் வயதுக்காரருக்கு உடம்பில் வேறு பாடம் எழுதிக் கிடக்கிறது. வீடு குலுங்கினால் செல் என்றுதான் உடம்பு நினைக்கும். ஒன்றில் நிலத்தோடு நிலமாகக் குப்புற விழுவோம், இல்லாவிட்டால் வளவுக்குள் பங்கர் (பதுங்குகுழி) இருந்த இடத்துக்கு ஓடுவோம். போன வருடம் பக்கத்து ஒழுங்கையில் டிப்பர் கல் பறித்த சத்தத்துக்கு நான் மாமரத்தடிக்குப் போய்விட்டேன். பங்கர் மூடி இருபது வருடம்.

யோகோகாமா தம்பி
அப்பு, இது நான் யோசிக்காத விடயம். செல் விழுந்தால் சிதறல் மேலெழுந்து விசிறும், அதனால் தரையோடு கிடப்பவர் தப்பலாம். நிலநடுக்கத்தில் ஆபத்து மேலிருந்து கீழே வருகிறது. அறையின் நடுவே கைகால் விரித்துக் குப்புற நீட்டிக் கிடந்தால் முதுகு முழுவதையும் கூரைக்குக் காட்டியதாகும். முழங்காலில் குனிந்து, உடம்பைச் சுருக்கி, பிடரியை மூட வேண்டும். பிளேன் வந்தால் இரைச்சல் கேட்டுப் பங்கருக்கு ஓட நேரம் இருந்தது. இதற்கு அப்படி ஓட நேரம் தருகிற இரைச்சல் கிடையாது.

வல்வெட்டி அப்பு
சுருங்கச் சொன்னால் விளங்குது. ஆனால் ஓடுகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். அரைவாசி வளவுகளில் கிணற்றுக் கட்டு இடிந்து கிடக்கிறது. இருட்டில் ஓடினால் பூமியதிர்ச்சியில் சாகமாட்டாய், கிணற்றில் சாவாய்.

மேசன் மகன்
அப்பு சொன்னது நூற்றுக்கு நூறு. தென்னைக்குக் கீழே நிற்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரியாலை மகன், அந்தத் தண்ணீர்த் தாங்கியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? எத்தனை லீற்றர்? தூண் எத்தனை, இடையில் குறுக்குப் பீம் இருக்கிறதா?

அரியாலை மகன்
1000 லீற்றர். நாலு தூண், பன்னிரண்டு அடி உயரம். குறுக்குப் பீம் இல்லை என்று நினைக்கிறேன். தூணின் அடியில் பூச்சு வெடித்துக் கம்பி துருவாகத் தெரிகிறது.

மேசன் மகன்
1000 லீற்றர் என்றால் ஒரு தொன். ஒரு தொன் பாரத்தைத் துருப்பிடித்த நாலு காலில் தூக்கி, அதன் கீழேயே குளியலறை வாசலை வைத்திருக்கிறீர்கள். முழு வீட்டையும்விட எனக்கு அதுதான் பயம். அதற்குப் பூமியதிர்ச்சி தேவையில்லை. வடக்கில் எங்கள் உப்புக்காற்றும், கழுவாத மணலும், கம்பிக்கு வெளியே அரை அங்குலம் கூட விடாத கொங்கிறீற்றும் சேர்ந்தால் பத்து வருடத்தில் இந்தக் கதிதான். தாங்கியை இறக்கித் தூணைச் சரிசெய்யும்வரை அரைவாசிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

பழைய கல்வீட்டை இடித்துக் கட்ட எல்லோரிடமும் காசு இல்லை. ஆனால் புதிதாகக் கட்டுபவர்கள் ஒன்று செய்யலாம். லின்ரல் மட்டத்தில் யன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாகப் பீம் போடாமல், வீட்டைச் சுற்றி இடுப்புப் பட்டி மாதிரி ஒரே தொடராக ஓட்டுங்கள், மூலைகளில் கம்பியை வளைத்து மற்றச் சுவருக்குள் கொண்டுபோங்கள். மேலதிகச் செலவு வீட்டுச் செலவில் சிறு பங்கு. கொந்தராத்துக்காரர் "இங்க தேவையில்லை" என்பார். சுவர்கள் ஒன்றையொன்று கைபிடித்து நிற்பது அந்தப் பட்டியால்தான்.

நெடுந்தீவுக் குதிரை
கேட்கலாமோ தெரியாது. யாழ்ப்பாணத்துக்குக் கீழே எல்லாம் குகை, நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை, ஒரு குலுக்கலில் குடாநாடே உள்ளே போய்விடும் என்று எங்கள் சித்தப்பா சொல்வார்.

பழைய புவியியல் ரீச்சர்
சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். கீழே சுண்ணாம்புக்கல், அதை மழைநீர் கரைத்துத் துவாரமும் குகையும் செய்திருப்பது உண்மை. அங்கங்கே ஒரு குழி இறங்கலாம். குடாநாடு உள்ளே போகாது.

ஆனால் அந்தச் சுண்ணாம்புக்கல் வேறொரு வழியில் முக்கியம். நம் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிற ஒரு வில்லை. 2004 சுனாமியில் கடல் ஏறிய கரையோரங்களில், கிணறு உப்பாகிவிட்டது என்று மோட்டார் போட்டு விடாமல் இறைத்தவர்கள் பலர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உள்ள உப்புநீர் மேலே ஏறும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மழைக்கு விட வேண்டும். அதிர்வுக்குப் பிறகு மலசலகூடக் குழி வெடித்திருந்தாலும் கிணற்றுக்குத்தான் வரும். கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

மருதங்கேணிக் காற்று
இவ்வளவு நேரம் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் நில அதிர்வு என்றால் எங்களுக்குக் கடல்.

2004 சுனாமி அன்றைக்கு நான் மருதங்கேணியில், வடமராட்சி கிழக்குக் கரையில் இருந்தேன். நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு. சுமாத்திராவில் 9.1 அளவில் அதிர்ந்தது எங்கள் நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன். எங்களில் ஒருவரும் ஒரு அசைவையும் உணரவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பைகூட ஆடவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துக் கடல் வந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் நாங்கள் கரையில் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தோம். யாருக்காவது தெரிந்திருந்தால் நடந்தே தப்பியிருக்கலாம்.

பிறகு 2012 ஏப்ரல் 11, வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன், பகல் 2 மணி தாண்டி. கதிரை ஆடியது, குடத்துத் தண்ணீர் அலம்பியது, நன்றாகவே உணர்ந்தோம். சுமாத்திராதான், 8.6. சனம் கத்திக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பின்னேரம் வரை கடலைப் பார்த்தபடி இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

ஆடாத நாளில் கடல் வந்தது, ஆடிய நாளில் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் இரண்டு கூட்டம். ஒன்று எல்லாவற்றுக்கும் ஓடும். மற்றது "போன முறையும் சொன்னவை" என்று ஓடாது. எனக்கு இரண்டாவது கூட்டத்தில்தான் பயம்.

பழைய புவியியல் ரீச்சர்
இதை எத்தனை வகுப்பில் கீறிக் காட்டியிருப்பேன். 2004 இல் ஒரு தட்டின் விளிம்பு மற்றதன்மேல் எகிறி, கடலடியையே தூக்கியது. தூக்கிய அடி தன்மேல் இருந்த தண்ணீரையும் தூக்கியது. 2012 இல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. அடி பெரிதாக உயராததால் தண்ணீரும் உயரவில்லை. கரையில் நிற்கிறவருக்கு இது எது என்று தெரிய வழியில்லை. ஆகவே 2012 இல் ஓடியவர்கள் செய்தது பிழையே இல்லை. ஓடி, ஒன்றும் வராமல் திரும்பி வருவதுதான் நல்ல நாள்.

இப்போது 2004 போல இல்லை. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அனுப்புகின்றன. நம்மிடம் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது, அழைக்க 117. நீண்ட நேரம் ஆடினால், அல்லது ஆடாமலே எச்சரிக்கை வந்தால், அல்லது கடல் திடீரென்று உள்வாங்கினால், மூன்றில் எது ஒன்றானாலும் கரையை விடுங்கள். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907 சுனாமியில் பட்ட பாட்டை அந்த மக்கள் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 இல் அதிர்ந்தவுடன் யாரும் சொல்லாமலே மேட்டுக்கு ஏறினார்கள். 70,000 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

மருதங்கேணிக் காற்று
எங்களிடம் ஏற மேடு இல்லையே ரீச்சர். முன்னுக்குக் கடல், பின்னுக்கு நீரேரி, நடுவில் மணல் கீலம். புதுக்காட்டுச் சந்திப் பாதையால் ஏ9 வீதிப் பக்கம் போக வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டால் அதுவும் அடைபடும். எங்கள் வீட்டில் முடிவு செய்தது: யார் எங்கே நின்றாலும் ஒருவரையொருவர் தேடிப்போவதில்லை, அவரவர் நேரே சந்திக்கு. 2004 இல் தேடிப்போனவர்கள்தான் திரும்பவில்லை. நேரம் இல்லாவிட்டால் உறுதியான கொங்கிறீற்று மாடி. முதல் அலை போனவுடன் இறங்கக் கூடாது, அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கலாம்.

அரியாலை மகன்
இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை அண்ணை.

ரொறன்ரோ மருமகள்
வெளிநாட்டுச் சனத்துக்கு ஒரு வேண்டுகோள். ஏதாவது நடந்தால் நாங்கள் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஊருக்கு எடுத்து லைனை அடைக்கிறோம். எங்கள் குடும்பத்தில் மச்சாளைத் தொடர்பு ஆளாக வைத்திருக்கிறோம். ஊரில் இருப்பவர்கள் அவவுக்கு மட்டும் "சுகம்" என்று ஒரு எஸ்எம்எஸ். மற்ற எல்லோரும் மச்சாளிடம் கேட்பார்கள். அழைப்புப் போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

யோகோகாமா தம்பி
நல்ல யோசனை, இங்கேயும் அப்படித்தான். ஆட்டம் நின்ற பிறகு செய்வதையும் எழுதிவிடுகிறேன். இங்கே பெரிய ஆட்டத்துக்குக் காஸ் மீற்றர் தானே பூட்டிக்கொள்ளும். ஊரில் சிலிண்டரை நாங்கள்தான் பூட்ட வேண்டும். மணம் வந்தால் சுவிச் போடாதீர்கள், நெருப்புக்குச்சி கிழிக்காதீர்கள், குப்பி விளக்கு வேண்டவே வேண்டாம். கட்டில் காலில் ஒரு பையைக் கட்டி அதற்குள் டோர்ச்சும் செருப்பும். பின்னதிர்வு வரும், வெடித்த வீட்டுக்குள் நகை எடுக்கப் போகாதீர்கள்.

வல்வெட்டி அப்பு
பை கட்டிவைக்க எங்களுக்கோ சொல்லித்தர வேண்டும்!

அரியாலை மகன்
அப்பு சொன்னது சரி. சனிக்கிழமை ஊருக்குப் போய்வந்தேன். அலுமாரியை மற்றச் சுவருக்கு மாற்றி, இரும்புக் கோணத்தால் பூட்டியாயிற்று. கட்டிலைத் திருப்பிப் போட்டேன். அப்பாவின் படத்தை இறக்க அம்மா விடவில்லை. கடைசியில் கண்ணாடியை மட்டும் கழற்றி, படத்தைக் கால்மாட்டுச் சுவரில் மாட்டினோம், "முகத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கலாம்" என்று அவரே சமாதானம் ஆகிவிட்டார். குப்புறக் கிடந்து தலையணை வைக்கச் சொல்லி இரண்டு தரம் பழக்கினேன். சிரித்துக்கொண்டு செய்தார்.

அவசரப் பை ஒன்று கட்டுவோம் என்றேன். அலுமாரியின் அடித்தட்டில் இருந்து ஒரு நீல ரெக்சின் பையை எடுத்துத் தந்தார். 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது தோளில் கிடந்த அதே பை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், எங்கள் பழைய கூப்பன் அட்டை, ஒரு பொலித்தீனுக்குள் பனடோல். பனடோலின் திகதி முடிந்து இருபது வருடத்துக்கு மேல். அதை மட்டும் மாற்றினேன். டோர்ச், அவரது பிரஷர் குளிசை, இரண்டு போத்தல் தண்ணீர், மச்சாள் வேலைக்கு என் தங்கையின் நம்பர் எழுதிய துண்டு எல்லாம் சேர்த்தோம்.

மிச்சம் தாங்கி. மேசன் மகன், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா?

மேசன் மகன்
வரலாம் அண்ணை. சனி இரவே தண்ணீரை முழுக்க இறக்கிவிடச் சொல்லுங்கோ. அப்படியே கிணற்றுக் கட்டையும் பார்த்துவிடுகிறேன்.